பதினான்கு வாரத்து அக்கா

நெறியுரைப் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் முதல் நாள் ஒரு தாளைக் கொடுப்பேன். இரண்டே கேள்வி. உங்கள் பின்னணி என்ன? இளையோரோடு எப்படி வேலை செய்யப் போகிறீர்கள்? முதல் கேள்விக்குக் கால் பக்கம், இரண்டாவதற்கு முக்கால் பக்கம் இடம் விட்டிருப்பேன். எல்லாரும் அந்த அளவை நம்பி அப்படியே நிரப்பிவிடுவார்கள். செமினியில் பிறந்தேன், தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி, இப்போது பல்கலைக்கழகம் என்று பின்னணி நான்கு வரியில் முடிந்துவிடும். அடுத்த கேள்வியில் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வருவார், ஆரன் பெக் வருவார், எழுத்து போகப்போகச் சிறுத்து ஓரத்தில் ஏறும்.

இடத்தை அப்படிப் பிரித்தது வேண்டுமென்றே. ஒன்றிரண்டு மாதம் போனதும் அதே தாளைத் தலைகீழாகக் கொடுப்பேன். பின்னணிக்கு முக்கால் பக்கம், அணுகுமுறைக்குக் கால் பக்கம். அன்றைக்குத்தான் நிறையப் பேருக்குப் பேனா நகராது.

இங்கே நான் சொல்லப்போகும் பயிற்சியாளர் ஒரே ஆள் அல்லர். பல ஆண்டுகளில் என் முன்னால் உட்கார்ந்த நாலைந்து பேரைச் சேர்த்துப் பிசைந்த உரு. அவரிடம் பேச வரும் பையனும் அப்படித்தான். அறைக்குள் கேட்டதை அடையாளத்தோடு வெளியே கொண்டுவரக்கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். எழுதும்போதும் அது விலகுவதில்லை.

செமினி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் புரோகா மலையும் நோட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்து மணிக்கூண்டும் நினைவுக்கு வரும். 2000-இல் கோலாலம்பூரில் தொடங்கிய அந்தக் கிளை 2005-இல் இங்கே வந்தது. உளவியலை அங்கே பாடமாகவே படிக்கலாம். பக்கத்திலே பாங்கியில் தேசியப் பல்கலைக்கழகம், சற்றுத் தள்ளிச் செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகம். மனித மனத்தைப் பற்றிப் படிப்பதற்கு வசதியான வட்டாரம்தான். உள்ளூர்க்காரர்களுக்கோ செமினி என்றால் தோட்டம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வேலியும் காவலரும் வைத்த வீடமைப்புப் பகுதிகள் வந்தன. செமினித் தோட்டத் தமிழ்ப்பள்ளி, ரிஞ்சிங் தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று பள்ளிகளின் பெயரில்தான் தோட்டம் இன்னும் பிழைத்திருக்கிறது. லயத்து வீடுகளில் இருந்தவர்களில் பலர் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். பெரட்டுக் களத்தில் அதிகாலையில் பெயர் கூப்பிட்ட காலத்தை இன்றைய பதினைந்து வயதுப் பிள்ளை பார்த்ததில்லை. அவனுடைய தாத்தாவின் கோபத்தில் அது இருக்கிறது, அப்பாவின் மௌனத்தில் இருக்கிறது.

என் பயிற்சியாளர் அந்த அடுக்குமாடி ஒன்றில் வளர்ந்தவர். மலாய்மொழியில் தேர்ச்சி போதாமல் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார்ந்தவர். அந்த வகுப்பின் பெயரைச் சொன்னாலே நம் வீடுகளில் குரல் தாழும். ஆறாம் வகுப்பு வரை உடன் படித்தவர்கள் ஒரு படி மேலே போய்விட, தான் மட்டும் நின்ற வருடம் அது. இதையெல்லாம் தாண்டி வந்தவர் என்பதால் இளையோரோடு வேலை செய்யத் தனக்கு உரிமை இருக்கிறது என்று அவர் நினைத்தார். "அவங்க கஷ்டம் எனக்குத் தெரியும் சார்" என்பார். எனக்கு அந்த வாக்கியத்தைக் கேட்டாலே கொஞ்சம் பயம்.

ஏன் பயம் என்பதற்கு ரோஜர்ஸையே சாட்சிக்கு அழைக்கலாம். புத்தகத்தில் இருக்கும் ரோஜர்ஸ் வேறு. நான் சொல்வது தொழில் பழகிக்கொண்டிருந்த ரோஜர்ஸ். 1902-இல் சிக்காகோவுக்கு அருகே, கண்டிப்பான கிறித்துவக் குடும்பத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில் குடும்பம் பண்ணைக்குப் போக, விவசாயம் படிக்கத் தொடங்கி, பிறகு பாதிரியாராகப் பயின்று, அதையும் விட்டு உளவியலுக்கு வந்தவர். 1928 முதல் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் ரோசெஸ்டர் நகரில் வழிதவறிய பிள்ளைகளோடும் கைவிடப்பட்ட பிள்ளைகளோடும் வேலை பார்த்தார். தீ வைக்கும் பழக்கமுள்ள ஒரு பையன் அவரிடம் வந்தான். அந்தக் காலத்துப் பெரிய நிபுணர் ஒருவரின் கோட்பாட்டை வைத்து நாள்தோறும் பையனைத் துருவி, அவனுடைய பாலுணர்வுக் குழப்பத்தில்தான் தீயின் வேர் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். காரணம் தெரிந்துவிட்டது, பையனுக்கும் விளக்கியாகிவிட்டது, கதை முடிந்தது என்று மகிழ்ந்தார். வெளியே விட்டதும் பையன் மறுபடி தீ வைத்தான்.

இன்னொரு நிகழ்ச்சி ஒரு தாயுடையது. அடங்காத மகனைப் பற்றிப் பேச வந்தவர். சின்ன வயதில் அவர் மகனை ஒதுக்கியதுதான் சிக்கல் என்று ரோஜர்ஸுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதை அவருக்குப் புரியவைக்க வாரக்கணக்கில் முயன்றார். நடக்கவில்லை. இனிப் பயனில்லை, நிறுத்திக்கொள்வோம் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். கைகுலுக்கிக் கதவு வரை போன தாய் திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் நெறியுரை உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் நாற்காலிக்குத் திரும்பி வந்து தன் திருமணத்தைப் பற்றி, தன் தோல்விகளைப் பற்றிக் கொட்டத் தொடங்கினார். அதுவரை ரோஜர்ஸ் வரிசையாக எழுதிவைத்திருந்த குடும்ப வரலாற்றில் இல்லாத கதை அது. எங்கே வலிக்கிறது என்று வந்தவருக்குத்தான் தெரியும் என்ற பாடத்தை அந்தத் தாய்தான் அவருக்குக் கற்பித்தார்.

பயிற்சியாளர்கள் ரோஜர்ஸின் 1957-ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து நெறியுரைஞருக்கு வேண்டிய மூன்று பண்புகளை மனப்பாடமாகச் சொல்வார்கள். இந்தத் தாயின் கதையைக் கேட்டால் பாதிப்பேருக்குத் தெரியாது. பண்புகள் தேர்வுக்கு வரும், தாய் வரமாட்டார்.

இப்போது நம் பயிற்சியாளரின் ஒலிப்பதிவுக்கு வருவோம். பையனுக்கு வயது பதினைந்து. அவனும் அவன் அம்மாவும் இசைவு தந்த பிறகு எடுத்த பதிவு. முதல் பத்து நிமிடம் கால்பந்து, கைப்பேசி, ஒரு மாமாக் கடை சண்டை. அப்புறம் குரல் இறங்கியது. "அப்பா வந்தா வீடே கம்முனு ஆயிடும் அக்கா." பயிற்சியாளர் உடனே சொன்னார்: "புரியுதுடா தம்பி. எங்க வீட்லயும் அப்படித்தான். எங்க அப்பாவும் குடிப்பாரு."

பதிவில் அதற்குப் பிறகு பதினோரு வினாடி மௌனம். பையன் திரும்பப் பேசியபோது கால்பந்துக்குப் போய்விட்டான்.

அவன் குடியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வீடு கம்மென்று ஆகும் என்றுதான் சொன்னான். அப்பா குடிப்பவராக இருக்கலாம். இரண்டு வேலை பார்த்துவிட்டுத் தூக்கத்துக்கு ஏங்கி வருபவராக இருக்கலாம். அம்மா பேசுவதை நிறுத்திவிட்ட வீடாகவும் இருக்கலாம். பயிற்சியாளர் தன் வீட்டை எடுத்து அவன் வீட்டின்மேல் வைத்து மூடிவிட்டார். அன்பினால் செய்தது, கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஒரே லயத்தில் பிறந்தவர்களுக்கு வருகிற ஆபத்தே இது. வேற்றூர்க்காரர் தெரியாமல் கேள்வி கேட்பார். நாம் தெரிந்ததாக நினைத்துக்கொண்டு கேட்காமலே இருந்துவிடுவோம்.

அதனால் பின்னணியை மறந்துவிட்டு வா என்று சொல்கிறேனா? பழைய பாடநூல்கள் அப்படித்தான் சொல்லும். உன் கதையை வாசலில் செருப்போடு கழற்றி வை என்று. எனக்கு அது ஒப்பவில்லை. கழற்றி வைத்த கதை உள்ளே வராமல் இருப்பதில்லை, வேறு பெயரில் வரும். இந்தப் பயிற்சியாளருக்குத் தன் அப்பாவின் கதையை ஒரு முழு மாலை என்னிடம் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி, அழுது, சலித்து, அதன் கூர் கொஞ்சம் மழுங்கிய பிறகுதான் பையனின் அப்பா அவருக்கு இன்னொரு ஆளாகத் தெரிந்தார். மேற்பார்வை என்று நாங்கள் சொல்வதில் பாதி இதுதான். படிவத்தில் கையெழுத்துப் போடுவது மீதிப் பாதி.

இன்னொன்றைக் கவனியுங்கள். பையன் அவரை அக்கா என்றான். ஆங்கிலப் பாடநூலில் நெறியுரைஞருக்கும் வருபவருக்கும் இடையிலான எல்லை என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. அதை எழுதியவர்கள் யாரையும் ஒரு பையன் முதல் நிமிடத்திலேயே உறவுமுறை வைத்துக் கூப்பிட்டிருக்க மாட்டான். இங்கே கூப்பிடாமல் இருந்தால்தான் வியப்பு. அப்படிக் கூப்பிடாதே, பெயர் சொல்லு என்று திருத்திய பயிற்சியாளர் ஒருவரை எனக்குத் தெரியும். வந்த பெண்பிள்ளை அடுத்த வாரம் வரவில்லை. அக்கா என்பதைத் தள்ள முடியாது. அந்தச் சொல்லோடு என்னென்ன வருகிறது என்று எண்ணிப் பார்க்கத்தான் முடியும்.

நம் வீட்டில் அக்கா புத்தி சொல்வாள். தம்பி செய்த தப்பை அப்பாவிடம் மறைப்பாள், அம்மாவிடம் மட்டும் சொல்வாள். கையில் பத்து வெள்ளி திணிப்பாள். ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பாள். பயிற்சியாளரோ இவற்றில் எதையும் செய்யக்கூடாது. புத்தி சொல்வது வேலை இல்லை, அம்மாவிடம் போய்ச் சொல்வது தவறு, பணம் கொடுப்பது பெருந்தவறு, இரவு பதினோரு மணி வாட்ஸ்அப் செய்திக்குப் பதில் போடுவது தனக்கும் பையனுக்கும் குழி தோண்டுவது. பின்னே என்ன அக்கா இவள் என்று அவன் கேட்டால்? அந்தக் கேள்விக்குப் பதிலை முதல் சந்திப்பிலேயே அவனுக்குப் புரிகிற தமிழில் சொல்லிவிடுவது நல்லது. "நான் ஒரு அக்காதான். ஆனா இந்த ரூமுக்குள்ள இருக்கிற அக்கா. வியாழக்கிழமை மூணு மணிக்கு இருப்பேன்."

ரகசியத்தைப் பற்றியும் அன்றே பேச வேண்டும். புதியவர்கள் பாசத்தில் வாக்குக் கொடுத்துவிடுவார்கள்: "யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்." கொடுக்கக்கூடாத வாக்கு அது. சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம் 2017-இல் வந்தது. அதன் 19-ஆம் பிரிவின்படி, அத்தகைய குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் கொடுக்காதவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம். இது எல்லாருக்கும் பொருந்தும். பயிற்சியாளருக்கு விலக்கு கிடையாது. பையனோ பெண்ணோ தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று சொன்னாலும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகள் வாய்திறக்க மாட்டார்கள் என்று பயிற்சியாளர்கள் அஞ்சுகிறார்கள். என் அனுபவத்தில் நேர்மாறு. எதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்த பிள்ளை, சொல்வதா வேண்டாமா என்று தானே முடிவெடுக்கிறது. பலமுறை சொல்வதற்காகவே தேடி வருகிறது.

நம்முடைய தொழிற்பெயரையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். மலேசியத் தமிழில் நெறியுரைஞர் என்கிறோம். நெறியை உரைப்பவர். அழகான சொல், ஆனால் வேலைக்கு நேர் எதிரான சொல். ஈழத்தில் இதே தொழிலுக்கு உளவளத்துணையாளர் என்று பெயர். அங்கே போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் சாந்திகம் அமைப்பும் செய்த வேலையில் தமிழ்ச் சொற்களுக்குப் பெரிய இடம் இருந்தது. 1993-இல் வெளிவந்த அவருடைய நூலின் பெயர் 'மனவடு'. மருத்துவக் கலைச்சொல் ஒன்றைத் தமிழில் இறக்குவதற்குப் பதில், காயம் ஆறின இடத்தில் தோல் எப்படி இருக்கும் என்று கிழவிக்கும் தெரிந்த சொல்லை எடுத்துக்கொண்டார்கள். துணை என்ற சொல்லும் அப்படித்தான். துணைக்கு வா என்றால் கூட வா என்று பொருள். வழி சொல் என்று பொருள் இல்லை. நம் ஊரில் பெயரை மாற்று என்று நான் கொடி பிடிக்கப் போவதில்லை. நெறியுரைஞர் என்று பலகை மாட்டியிருப்பவர் துணையாக உட்கார்ந்திருக்கப் பழகினால் போதும்.

பழகுவது எளிதில்லை, ஏனென்றால் நம் சமூகம் இளையோருக்குச் செய்த நல்லதெல்லாம் பெரும்பாலும் உரைதான். 1982-இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் எத்தனை தோட்டத்துப் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாசலுக்குக் கொண்டுபோய் விட்டது என்று அந்தப் பிள்ளைகளே இன்று சொல்வார்கள். அதன் வழியில் தன்முனைப்பு முகாம்கள் பெருகின. கோவில் மண்டபம், ஒலிபெருக்கி, கண்ணீர் வரவைக்கும் தாய்ப்பாசக் கதை, கடைசியில் பிள்ளைகள் பெற்றோர் காலில் விழுவது. முதல் மூன்று வரிசைக்கு அது உதவுகிறது, நான் மறுக்கவில்லை. கடைசி வரிசையில் தொப்பியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு, காலில் விழ வேண்டிய அந்த அப்பாதான் சிக்கலே. ஒலிபெருக்கியால் அவனைத் தொட முடியாது.

கடைசி வரிசைக்காரனைப் பற்றி நாடு வேறு மாதிரியும் பேசியிருக்கிறது. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டது. உறுப்பினர்களில் பத்தில் ஏழு பேர் இந்தியர் என்றும் சொன்னது. அன்றிலிருந்து நம் பையன்களில் முடியை ஒரு மாதிரி வெட்டியவனெல்லாம் பள்ளிக்கூடத்தில் சந்தேகப் பட்டியலில் ஏறினான். நெறியுரை அறைக்கு ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். இடைநிலைப்பள்ளிகளுக்கு முழுநேர நெறியுரை ஆசிரியர்கள், 500 மாணவருக்கு ஒருவர் என்ற கணக்கில், 1996-இல்தான் வந்தார்கள். வந்த பிறகும் பல பள்ளிகளில் அந்த அறை, கட்டொழுங்கு ஆசிரியரின் அறைக்கு அடுத்த நிறுத்தமாகத்தான் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. பிரம்புக்கு முன்னாலோ பின்னாலோ வருகிற அறை. இதில் அந்த ஆசிரியர்களின் குற்றம் குறைவு. தேர்வுத் தாள், நிகழ்ச்சி அறிக்கை, கல்விச்சுற்றுலா என்று எல்லா வேலையும் அவர்கள் தலையில் விழுகிறது.

இருக்கிற நிலைமையோ சிறிதல்ல. 2022-ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில், 13 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளில் 26.9 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு தெரிந்தது. 13.1 விழுக்காட்டினர் தற்கொலையை எண்ணிப் பார்த்திருந்தார்கள். 9.5 விழுக்காட்டினர் முயன்றே இருந்தார்கள். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் நான்கு பேர் என்று வைத்துப் பாருங்கள். அந்த ஆண்டில் தற்கொலைக்கு முயல்வது நம் நாட்டில் குற்றமும்கூட. குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை. முயன்றேன் என்று ஒரு பிள்ளை சொன்னால் அது குற்றத்தை ஒப்புக்கொள்வது போல. 2023 மே மாதம் மக்களவை அதை நீக்க ஒப்புதல் தந்து, செப்டம்பரில் நீக்கம் நடப்புக்கு வந்தது. சட்டம் போய்விட்டது. மருத்துவமனையில் யாரிடமும் சொல்லாதே, போலீஸ் வரும் என்று பிள்ளையின் வாயைப் பொத்தும் அம்மாக்கள் இன்னும் போகவில்லை.

இங்கேதான் என் முக்கியமான முறையீடு வருகிறது. 1998-ஆம் ஆண்டு நெறியுரைஞர் சட்டம், அதாவது 580-ஆம் சட்டம், பதிவு இல்லாதவர் இந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது என்கிறது. நல்ல சட்டம். அந்தப் பதிவுக்குப் போகும் வழியில் பயிற்சியாளர் ஒவ்வொருவரும் நேரில் பேசிய மணிகளைக் கணக்குக் காட்ட வேண்டும், உரையாடலைச் சொல்லுக்குச் சொல் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுக்க வேண்டும். நம் பயிற்சியாளர் பேசியது தமிழில். எழுதிக் கொடுத்ததோ மலாயில், பல்கலைக்கழகத்து மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாது என்பதால்.

நான்காவது வாரத்துப் பிரதியைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டு, ஒலிப்பதிவை என்னிடமும் கொடுத்தார். பிரதியில் பையன் ஓரிடத்தில் "போசான்" என்கிறான். மலாயில் சலிப்பு. பதினைந்து வயதுப் பையனுக்குச் சலிப்பு வராமல் என்ன செய்யும், யாரும் கடந்து போகிற சொல். ஒலிப்பதிவில் அவன் சொன்னது: "எல்லாம் வெறுத்துப் போச்சுக்கா."

வெறுத்துப் போச்சு என்பது வேறு. நம் வீடுகளில் அந்தச் சொல்லைச் சொல்பவரைப் பாட்டிமார் அன்று ராத்திரி தனியே படுக்க விடமாட்டார்கள். பயிற்சியாளருக்கு அந்தத் தமிழ் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். பிரதி எழுத உட்கார்ந்ததும் அது தொழிலுக்கு உதவாத சொல்லாகிவிட்டது. நான் பதிவை நிறுத்தி அவரைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துப் போனது. அன்று மாலையே அம்மாவின் துணையோடு பையனைச் சந்தித்து, சாகணும்னு தோணுதா என்று நேராகக் கேட்கச் சொன்னேன். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோமோ என்று எல்லாப் பயிற்சியாளரையும் போல அவரும் அஞ்சினார். கேட்பதால் எண்ணம் வருவதில்லை. கேட்க ஒருவர் இருப்பதில்தான் பாரம் இறங்குகிறது. பையன் இருக்கிறான், நன்றாக இருக்கிறான் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

தமிழ்தான் எப்போதும் வாசல் என்றும் சொல்ல மாட்டேன். ஒரு பெண் தனக்கு நடந்த மிக மோசமான காரியத்தை ஆங்கிலத்தில்தான் சொன்னாள். தமிழில் சொன்னால் அம்மா கேட்பது போல இருக்கிறது என்றாள். இன்றைய பிள்ளை ஒரே வாக்கியத்தில் மூன்று மொழி பேசும். எந்த வலியை எந்த மொழியில் வைக்கிறது என்று கேட்பவருக்குக் காது வேண்டும். அந்தக் காது பயிற்சியாளருக்கு இருக்கிறது. அவர் பயிலும் முறையில் அதற்கு மதிப்பெண் இல்லை.

என்ன செய்யலாம்? பல்கலைக்கழகங்கள் மூலமொழிப் பிரதியையும் மொழிபெயர்ப்போடு சேர்த்து ஏற்கலாம். பெரிய செலவில்லை. தமிழ் தெரிந்த, பதிவுபெற்ற நெறியுரைஞர்கள் மாதத்தில் இரண்டு மாலையை இந்தப் பயிற்சியாளர்களுக்கு ஒதுக்கலாம். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் காஜாங்கிலும் நாங்கள் சிலர் இருக்கத்தான் செய்கிறோம். தன்முனைப்பு முகாமுக்கு ஒரே நாளில் பேச்சாளர், பதாகை, கோழி பிரியாணி என்று செலவழிக்கும் இயக்கங்கள், அந்தப் பணத்தில் ஒரு சின்ன அறையையும் மின்விசிறியையும் இரண்டு நாற்காலியையும் ஓராண்டுக்கு வாடகை கொடுத்து வைத்திருக்கலாம். பதாகையில் படம் போட முடியாது என்ற ஒரே குறைதான்.

அறையையும் நாற்காலியையும் நான் சும்மா சொல்லவில்லை. லண்டனில் 1953-இல் சாட் வாரா என்ற பாதிரியார் தற்கொலை எண்ணத்தோடு வருகிறவர்களுக்காகத் தன் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்தார். பாதிரியாராகிய புதிதில், பதின்மூன்று பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியை அடக்கம் செய்திருக்கிறார். மாதவிலக்கு வந்ததைத் தீராத நோய் என்று நினைத்து உயிரை விட்டவள் அவள். ஆலோசனை சொல்வது தன் வேலை, தன்னைப் பார்க்கக் காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுக்கத் தொண்டர்கள் வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். கொஞ்ச நாளில் ஒன்று புரிந்தது. காத்திருந்தவர்களில் பலர் தேநீர் கொடுத்தவரிடம் பேசிவிட்டு, பாதிரியாரைப் பார்க்காமலே நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள். அந்த வழியில் வந்ததுதான் 1970 முதல் கோலாலம்பூரில் இயங்கும் பிஃப்ரெண்டர்ஸ். இப்போது அரசின் தாலியான் காசே 15999, சுகாதார அமைச்சின் ஹீல் 15555 ஆகிய எண்களும் இருக்கின்றன. இதைப் படிக்கும் பெற்றோர் குளிர்பெட்டியின் கதவில் எழுதி ஒட்டலாம்.

பயிற்சியாளர் இன்னொரு தவறு செய்ய இருந்தார். அதைத் தடுத்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமை. பருவம் பதினான்கு வாரம். பதினான்காவது வாரம் கணக்கு மணி முடிந்துவிடும், அறிக்கையைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். பையனிடம் அதை எப்போது சொல்வதாக இருக்கிறீர்கள் என்று கேட்டேன். கடைசி வாரம் சொல்லலாம் என்று இருந்தேன் சார், முன்னாலே சொன்னா வருத்தப்படுவான் என்றார். தோட்டம் போனது, தாத்தா போனார், ஆசிரியர்கள் மாறினார்கள். எல்லாமே சொல்லாமல் போனவை. அந்தப் பட்டியலில் இன்னும் ஒரு அக்காவைச் சேர்க்க வேண்டுமா?

ஐந்தாவது வாரம் அவர் மளிகைக்கடையில் கொடுத்த நாள்காட்டி ஒன்றைக் கையோடு கொண்டுபோனார். முருகன் படம் போட்டது. மீதி ஒன்பது வியாழக்கிழமையையும் பையனையே வட்டம் போடச் சொன்னார். அவன் போட்டான். கடைசி வட்டத்துக்குப் பக்கத்தில் பேனாவை வைத்துக்கொண்டே கேட்டான்: "இதுக்கப்புறம் யாரு வருவா?" இன்னும் தெரியல, கேட்டுச் சொல்றேன் என்றார் பயிற்சியாளர். அவன் நாள்காட்டியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். ஒலிப்பதிவில் அந்தத் தாளின் சத்தம் கேட்கிறது.

பருவ முடிவில் தாளை மூன்றாவது முறையாகக் கொடுத்தேன். அணுகுமுறை என்ற இடத்தில் அவர் எழுதியது ஒரே வரி: "வியாழக்கிழமை மூணு மணிக்கு இருப்பேன்."

(கட்டுரையாளர் பதிவுபெற்ற நெறியுரைஞர், காஜாங், செமினி வட்டாரத்தில் பயிற்சி நெறியுரைஞர்களுக்கு மேற்பார்வையாளர்.)